டீக்கடைக்காரர் துப்பறிந்தால்? 'கோஸி மிஸ்டரி' கதைகள் ஏன் இவ்வளவு பிடிக்கின்றன, அரியலூர் சிலை வழக்கு சொல்வது என்ன?

பெரம்பலூர் பழைய பேருந்து நிலையம் பக்கம் ஒரு டீக்கடை என்று வைத்துக்கொள்வோம். காலை 5 மணிக்கு பாய்லர் சூடாகிவிடும். அடுத்து பால்காரர், அப்புறம் பேப்பர் கட்டு, 6 மணிக்கு ஓய்வுபெற்ற வாத்தியார். அவருக்கு சர்க்கரை இல்லாத டீ, ஒரு பருப்பு வடை. ஒருநாள் அவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் யாரோ ஒருவர் வந்து டீ வாங்கிக் குடித்துவிட்டு, "வாத்தியார் மகள் வீட்டுக்குப் போயிருக்காருண்ணே" என்று தானாகவே சொல்கிறார்.

கடைக்காரருக்கு இடிக்கிறது. ஊருக்குப் போனால் வாத்தியார் வீட்டுச் சாவியை இந்தக் கடையில்தானே கொடுத்துவிட்டுப் போவார்? அதுவும் போக, நான் கேட்கவே இல்லையே, இந்த ஆள் எதுக்கு வந்து சொல்றான்?

ரத்தம் இல்லை, துப்பாக்கி இல்லை, ஆனாலும் அடுத்த பக்கத்தைப் புரட்டத் தோன்றுகிறது இல்லையா? இந்த வகைக் கதைக்கு ஆங்கிலத்தில் வைத்திருக்கும் பெயர்தான் 'கோஸி மிஸ்டரி'. குளிர்காலத்தில் போர்வைக்குள் சுருண்டுகொள்ளும் இதத்துக்கு 'கோஸி' என்று பெயர். கொலைக்கதைக்கும் இதத்துக்கும் என்ன சம்பந்தம்? அதுவும் துப்பறிபவர் ஏன் எப்போதும் ஒரு பேக்கரிக்காரராக, டீக்கடைக்காரராக, சமையல் கான்ட்ராக்டராக இருக்கிறார்?

மிஸ் மார்பிள் முதல் பேக்கரி ஹன்னா வரை

இந்த வகைக்கு எழுதப்படாத சில விதிகள் உண்டு. கொலை நடக்கும், ஆனால் நம் கண் முன்னால் நடக்காது. சித்திரவதை, ஆபாசம், கொச்சையான வசனம் கிடையாது. ஊர் சின்னது. துப்பறிபவர் போலீஸ் இல்லை, அது அவருக்குத் தொழிலும் இல்லை. கடைசியில் குற்றவாளி கட்டாயம் மாட்டுவார்.

இதன் பாட்டி என்று அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்பிளைச் சொல்லலாம். 1930-ல் வந்த 'தி மர்டர் அட் தி விகாரேஜ்' அவர் துப்பறியும் முதல் நாவல். ஸ்வெட்டர் பின்னிக்கொண்டு ஊர்வம்பு கேட்கும் கிழவி, ஸ்காட்லாந்து யார்டுக்குப் புரியாததைப் புரிந்துகொள்வார். காரணம் எளிது. கொலைகாரனைப் பார்த்ததும் அவருக்குத் தன் கிராமத்தில் பார்த்த யாரோ ஒருவர் நினைவுக்கு வருவார். மனிதர்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் பொய் சொல்கிறார்கள் என்பது அவருடைய கட்சி.

மார்பிளுக்குக் கடை கிடையாது. கடைக்காரர்கள் பெரிய அளவில் துப்பறியத் தொடங்கியது 1990-களுக்குப் பிறகு, அமெரிக்காவில். டயேன் மோட் டேவிட்சனின் 'கேட்டரிங் டு நோபடி' 1990-ல் வந்தது. கோல்டி என்ற பெண் விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுப்பவர். அவர் சமைத்த இடத்தில் ஒருவருக்கு விஷம் வைக்கப்படுகிறது. போலீஸ் முதலில் செய்வது அவருடைய தொழிலை மூடி வைப்பது. 2000-ல் ஜோன் ஃப்ளூக் எழுதிய முதல் ஹன்னா ஸ்வென்சன் நாவலில், பேக்கரிக்குப் பால் கொண்டுவரும் வண்டி ஓட்டுநர் கடைக்குப் பின்னாலேயே இறந்து கிடக்கிறார். 2001-ல் லாரா சைல்ட்ஸ் ஒரு டீக்கடை வரிசையைத் தொடங்கினார். முதல் நாவலின் தலைப்பிலேயே டார்ஜிலிங் இருக்கிறது. ஃப்ளூக்கின் புத்தகங்களில் குக்கீ செய்முறைகளும் அச்சாகியிருக்கும். கொலையைப் படித்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்கலாம்!

நமக்குப் பக்கத்திலும் உண்டு. சிங்கப்பூர் எழுத்தாளர் ஒவிடியா யூவின் 'ஆன்ட்டி லீ', பெரனாக்கன் சாப்பாட்டுக் கடை நடத்துபவர். 2014-ல் வந்த இரண்டாவது நாவலில் அவர் சமைத்த புவா கெலுவாக் கோழிக்குழம்பைச் சாப்பிட்டவர்கள் இறந்துபோகிறார்கள். புவா கெலுவாக் என்பது சரியாகப் பதப்படுத்தாவிட்டால் நிஜமாகவே சயனைடு விஷமாகும் கொட்டை. பழி யார் மேல் விழும்? சமைத்தவர் மேல்தானே. வசீம் கானின் மும்பை இன்ஸ்பெக்டர் சோப்ரா, ஓய்வுக்குப் பிறகு உணவகம் திறந்துவிட்டுத்தான் துப்பறிவதைத் தொடர்கிறார்.

சரி, ஏன் கடைக்காரர்?

மேலே சொன்ன கதைகளில் ஒரு பொது விஷயம் இருக்கிறது. கோல்டியும் ஆன்ட்டி லீயும் ஆர்வக்கோளாறில் துப்பறியவில்லை. அவர்கள் பிழைப்பில் மண் விழுந்துவிட்டது. ஒரு இன்ஸ்பெக்டர் வழக்கில் தோற்றால் வேறு ஸ்டேஷனுக்கு மாற்றலாகிப் போய்விடலாம். "அந்தக் கடையில சாப்பிட்டு செத்துட்டாங்களாம்" என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பினால் கடைக்காரர் எங்கே போவார்? வாடகை, பால் பாக்கி, வேலையாளின் சம்பளம் எல்லாம் அங்கேயே நிற்கும். ஆகவே உண்மை அவருக்கு உடனே தேவை. சின்னக் கடை வைத்திருக்கும் யாருக்கும் இந்தப் பதற்றம் புரியும்.

அடுத்தது தகவல். பெரிய துப்பறிவாளர் பத்து பேரிடம் போய் விசாரிக்க வேண்டும். கடைக்காரரிடம் அந்தப் பத்து பேரும் தாங்களாகவே வருவார்கள். மளிகைக் கடையின் கடன் நோட்டு ஒரு ஊரின் ரகசிய வரலாறு. யார் வீட்டில் திடீரென்று நெய் வாங்குகிறார்கள், யார் முழுப் பொட்டலத்திலிருந்து பத்து ரூபாய் பாக்கெட்டுக்கு இறங்கினார்கள், யார் பழைய பாக்கியை ஒரே நாளில் மொத்தமாகக் கட்டினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். கடைசி விஷயம் கதையில் வந்தால் அங்கேயே ஒரு துப்பு கிடைத்தது என்று அர்த்தம். ஜெராக்ஸ் கடைக்காரர் யாருடைய பத்திரம் யாரிடம் இருக்கிறது என்று அறிவார். மருந்துக்கடை அக்காவுக்குத் தெரியாத நோய் ஊரில் இல்லை.

கூடவே நம் ஆசையும் ஒளிந்திருக்கிறது. இந்தக் கதைகளைப் படிப்பவர்கள் பலரும் யாரிடமோ வேலை பார்ப்பவர்கள். சொந்தமாக ஒரு சின்ன கடை, தெரிந்த முகங்கள், பெயர் சொல்லிக் கூப்பிடும் வாடிக்கையாளர்கள் என்பது அவர்களுக்கு ஒரு கனவு. கொலையைச் சாக்காக வைத்து அந்தக் கடைக்குள் 300 பக்கம் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள். ஜெஸ்ஸி சுடாண்டோ 2023-ல் எழுதிய 'வேரா வாங்' நாவல் இதை நேரடியாகவே தொடுகிறது. சான் பிரான்சிஸ்கோ சைனாடவுனில் 60 வயது வேராவின் டீக்கடையில் கூட்டமே இல்லை. ஒருநாள் காலையில் கடைக்குள் ஒரு பிணம். அதன் பிறகு சந்தேகத்துக்குரியவர்கள் ஒவ்வொருவராக வர, வேராவின் தனிமை தீர்கிறது. சிரித்துக்கொண்டே படிக்கலாம், கொஞ்சம் தொண்டையும் அடைக்கும்.

லாஜிக் பார்க்கக் கூடாது என்பதும் உண்மைதான். 'மர்டர், ஷி ரோட்' என்ற அமெரிக்கத் தொடர் 1984 முதல் 1996 வரை 264 எபிசோடுகள் ஓடியது. அதன் சின்னஞ்சிறு கடற்கரை ஊரில் விழுந்த பிணங்களுக்கு, நம்மூராக இருந்தால் மனைப் பிரிவு போட்டவர்கள் கடையைக் காலி செய்திருப்பார்கள்.

தமிழில் கடைக்காரர் எங்கே போனார்?

தமிழில் துப்பறியும் கதைகளுக்குப் பஞ்சமே இல்லை. தேவனின் துப்பறியும் சாம்பு பேங்க் குமாஸ்தா. தமிழ்வாணனின் சங்கர்லால் முழுநேரத் துப்பறிவாளர். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வக்கீல்கள். ராஜேஷ்குமாரின் விவேக் அரசு அதிகாரி. பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் - சுசீலா நடத்துவது மூன்லைட் ஏஜென்சி, சுபாவின் நரேந்திரன் - வைஜயந்தி வேலை பார்ப்பது ஈகிள்ஸ் ஐ. கடைசி இரண்டும் சின்ன நிறுவனங்கள்தான், ஆனால் விற்கும் சரக்கே துப்பறிதல். இவர்களில் கோஸிக்கு நெருங்கிய சொந்தம் சாம்புதான். அசட்டுத்தனமாக எதையோ செய்து, அதிர்ஷ்டத்தில் குற்றவாளியைப் பிடிப்பவர்.

நம் கதைகளில் கடைக்காரர் வருவார். "இந்த போட்டோவுல இருக்கறவர பாத்திருக்கீங்களா?" என்று கேட்டால் பதில் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அரைப் பக்கத்துக்கு மேல் அவருக்கு இடம் கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், அந்த நாவல்களை நம் கையில் கொண்டுவந்து சேர்த்தவரே அவர்தான். பெரம்பலூருக்கு ரயில் நிலையம் கிடையாது, ரயில் ஏற அரியலூர்தான் போக வேண்டும். ஆகவே பெரம்பலூர்க்காரர்களின் வாசிப்பு பெரும்பாலும் பேருந்து நிலையப் பெட்டிக்கடையில் நடந்தது. கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கிய மாத நாவலை வாங்கினால் திருச்சி போய்ச் சேர்வதற்குள் கொலையாளி யார் என்று தெரிந்துவிடும். கொலைக்கதை விற்ற அண்ணனுக்குக் கதைக்குள் இடமில்லாமல் போய்விட்டது.

சினிமா ஒருமுறை அந்த இடத்தைக் கொடுத்தது, ஆனால் தலைகீழாக. 2015-ல் வந்த 'பாபநாசம்' படத்தில் கமல்ஹாசனின் சுயம்புலிங்கம் கேபிள் டிவி நடத்துபவர். கடைக்காரருக்கு உரிய அத்தனை திறமையும் அவரிடம் இருக்கிறது. யார் எதைப் பார்ப்பார்கள், எதை நினைவில் வைத்திருப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். அதை வைத்துக் குற்றத்தைக் கண்டுபிடிக்கவில்லை, மறைக்கிறார்.

ஸ்ரீபுரந்தானில் யாரும் கவனிக்கவில்லை

கோஸி கதைகளின் அடிப்படை நம்பிக்கை ஒன்றுதான். சின்ன ஊரில் எதுவும் கண்ணுக்குத் தப்பாது. அரியலூர் மாவட்டத்தில் நடந்த ஒரு நிஜ வழக்கு இந்த நம்பிக்கையை உலுக்கிவிடுகிறது.

உடையார்பாளையம் பக்கத்தில் ஸ்ரீபுரந்தான் கிராமம். அங்கே சோழர் காலத்து பிரகதீஸ்வரர் கோயில். வழிபாடு நின்று பூட்டியே கிடந்தது. 2006-ல் கடத்தல் கும்பல் அங்கிருந்து சிலைகளை எடுத்துச் சென்றது. விஷயம் வெளியே தெரிந்தது எப்போது தெரியுமா? 2008-ல், கோயிலைத் திறந்து பார்த்தபோது. அதற்குள் ஸ்ரீபுரந்தான் நடராஜர், ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் உள்ள தேசிய கலைக்கூடத்துக்கு சுமார் 50 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டுவிட்டார்.

தினம் ஒருவர் விளக்கேற்றப் போயிருந்தால், வாசலில் ஒரு பூக்கடை இருந்திருந்தால், மறுநாள் காலையிலேயே தெரிந்திருக்கும். கும்பலுக்குத் தேவைப்பட்டதும் அப்படி ஆள் நடமாட்டம் இல்லாத கோயில்தான். பக்கத்து சுத்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயிலிலும் சிலைகள் போயின.

இங்கே இன்னொரு திருப்பம். கோஸி கதையில் கடைக்காரர் துப்பறிவார். இந்த வழக்கில் கடைக்காரர்தான் குற்றவாளி. நியூயார்க்கின் மேடிசன் அவென்யூவில் 'ஆர்ட் ஆஃப் தி பாஸ்ட்' என்ற கலைப்பொருள் கடை நடத்திய சுபாஷ் கபூர், 2011 அக்டோபரில் ஜெர்மனியின் பிராங்பர்ட்டில் பிடிபட்டு, 2012 ஜூலையில் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டார். சுத்தமல்லி வழக்கில் அவருக்கும் கூட்டாளிகளுக்கும் 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

அப்படியானால் துப்பறிந்த அமெச்சூர் யார்? தமிழ்நாடு சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவும் அமெரிக்க அதிகாரிகளும் ஒருபக்கம் விசாரிக்க, இன்னொரு பக்கம் எந்த அதிகாரமும் இல்லாத சிலர் வேலை பார்த்தார்கள். அவர்களில் முக்கியமானவர் எஸ். விஜயகுமார். சிங்கப்பூரில் கப்பல் நிறுவன வேலை, ஓய்வு நேரத்தில் கோயில் சிற்பங்களைப் பற்றி எழுதுவது, இதுதான் அவர் வாழ்க்கை. பின்னர் நண்பர்களோடு சேர்ந்து 'இந்தியா ப்ரைட் ப்ராஜெக்ட்' என்ற தன்னார்வக் குழுவைத் தொடங்கினார். தன் அனுபவத்தை 2018-ல் புத்தகமாகவும் எழுதினார். தமிழில் அது 'சிலைத் திருடன்' என்ற பெயரில் கிடைக்கிறது.

இவர்களின் முறை அசல் மிஸ் மார்பிள் முறை. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950-களிலிருந்தே தமிழகக் கோயில்களைப் புகைப்படம் எடுத்து வைத்திருக்கிறது. மெழுகு வார்ப்பில் செய்யும் ஐம்பொன் சிலைக்கு அச்சு ஒருமுறைதான் பயன்படும், உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். ஆகவே ஒரு சிலை போல இன்னொன்று இருக்காது. திருவாசியின் சுடர், பீடத்தின் தேய்மானம், வார்ப்பில் விழுந்த சின்னக் குறை எல்லாம் கைரேகை மாதிரி. பழைய படத்தையும் அருங்காட்சியக கேட்லாக் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். பொறுமைதான் வேண்டும்.

நடராஜர் விஷயத்தில் பொய் பிடிபட்ட இடம், எந்த நாவலாசிரியரும் பொறாமைப்படக்கூடியது. விற்பனையோடு கொடுத்த காகிதங்கள், சூடான் நாட்டு தூதரக அதிகாரியின் குடும்பம் 1970-வாக்கில் டெல்லியில் இந்தச் சிலையை வாங்கியது என்றன. 1990-களில் எடுத்த புகைப்படத்திலோ அதே நடராஜர் ஸ்ரீபுரந்தான் கோயிலுக்குள் நிற்கிறார்! 20 வருஷம் முன்னாடியே நாட்டை விட்டுப் போனவர் எப்படி ஊரில் இருப்பார்? 2014 செப்டம்பரில் டெல்லி வந்த அப்போதைய ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட், சிலையைப் பிரதமர் மோடியிடம் ஒப்படைத்தார்.

அதே மாவட்டத்தின் பொட்டவெளி வெள்ளூர் வரதராஜப் பெருமாள் கோயிலில் 2012 ஏப்ரலில் திருடுபோன அனுமனுக்கும் இதே கதை. 2014-ல் ஏலத்தில் 37,500 டாலருக்கு விலைபோனவர், 1961-ல் எடுத்த புகைப்படம் ஒன்று இருந்ததால் அடையாளம் காணப்பட்டு, 2023-ல் தமிழ்நாடு திரும்பினார்.

கதை சொல்லாமல் விடுவது

கோஸி கதைகளில் எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். நிஜத்தில் இரட்டைக் குவளை வைத்த டீக்கடைகள் தமிழ்நாட்டில் இருந்தன, இப்போதும் புகார்கள் வருகின்றன. அப்படிப்பட்ட கடையில் கடைக்காரருக்கு ஊரின் பாதிக் கதைதான் தெரியும். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் என்ற ஊரில், தெரிந்தும் வாய் திறக்காமல் இருப்பதும் சுலபம்.

அதோடு, சாட்சி என்றாலே நம் கடைக்காரர்கள் ஒதுங்குவதற்குக் காரணம் இருக்கிறது. "கோர்ட்டுக்கு அலைஞ்சா கடையை யார் பாக்குறது தம்பி?" என்ற கேள்விக்கு எந்த நாவலிலும் பதில் கிடையாது. ஒரு விஷயம் தெரிந்திருப்பது நல்லது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டத்தின் 179-வது பிரிவுப்படி, பெண்கள், 15 வயதுக்கு உட்பட்டவர்கள், 60 வயதைத் தாண்டியவர்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயில் இருப்பவர்கள் ஆகியோரை சாட்சி விசாரணைக்கென்று ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. வசிக்கும் இடத்துக்கே போய் விசாரிக்க வேண்டும். மிஸ் மார்பிள் பெரம்பலூரில் இருந்திருந்தால் இன்ஸ்பெக்டர்தான் அவர் வீட்டுத் திண்ணைக்கு வந்தாக வேண்டும்.

கடைக்காரரின் கண் இருந்த இடத்தில் இப்போது கேமரா இருக்கிறது. திருட்டு நடந்தால் போலீஸ் முதலில் கேட்பது, "அண்ணே, ஃபுட்டேஜ் இருக்கா?" என்றுதான். கேமரா யார் வந்தார்கள் என்று காட்டும். வழக்கமாக வருகிறவர் இன்றைக்கு வரவில்லை என்று தானாகச் சொல்லாது. கடன் நோட்டு போய் க்யூஆர் கோடு வந்த பிறகு, பணம் கொடுக்கும்போது பேசும் அந்த ரெண்டு வார்த்தையும் குறைந்துவிட்டது.

எழுத ஆள் இருந்தால்...

இத்தனைக்கும் இந்த இரண்டு மாவட்டங்களிலும் களத்துக்குக் குறையே இல்லை. அரியலூரில் சிமெண்ட் லாரிகள் ராத்திரி முழுக்க ஓடும் சாலையோரம் ஒரு பரோட்டா கடை. எந்த லாரி எத்தனை மணிக்குத் திரும்பும் என்று மாஸ்டருக்கு அத்துப்படி. பெரம்பலூர் பக்கம் சின்ன வெங்காய வியாபாரம் பார்க்கும் ஒரு அக்கா, மூட்டையைத் தூக்கும்போதே எடையில் பொய் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். கடல் வற்றிப் போய் புதைபடிவங்கள் மிஞ்சிய பூமி இது. சாத்தனூரில் கல்லாகிப்போன மரமே இருக்கிறது. பள்ளிக்கூடப் பையன் பொறுக்கி வந்த ஒரு கல்லிலிருந்துகூட ஒரு வழக்கைத் தொடங்கலாம்.

எனக்குப் பிடித்த இடம் சிறுவாச்சூர். மதுரகாளியம்மன் கோயில் வாரத்தில் திங்கள், வெள்ளி மட்டும்தான் திறக்கும். தேங்காய், பூ விற்கும் கடைகளுக்கும் அந்த இரண்டு நாள்தான் வியாபாரம். அப்படி ஒரு கடைக்கார அம்மா, மறந்து வைத்துவிட்டுப் போன சில்லறை டப்பாவை எடுக்க புதன்கிழமை மத்தியானம் வருகிறார். கடைவீதி வெறிச்சோடிக் கிடக்கிறது. அவர் கடை வாசலில் மட்டும், அப்போதுதான் உடைத்த ஒரு தேங்காய் மூடி.